பென்னாகரம் வட்டார பர்கர்: தோற்றம், வகைப்பாடு, சூடுபடுத்தல்

பர்கர் பற்றி உலகில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்தக் குவியலில் பென்னாகரம் எங்கும் தலைகாட்டவில்லை. இது கவனக்குறைவா, சதியா என்று ஆராய இக்கட்டுரையில் இடமில்லை. ஆகவே சதி என்றே கொண்டு மேலே செல்வோம்.

போயும் போயும் பர்கரையா ஆராய்வது என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி. இலண்டனின் எக்கனாமிஸ்ட் இதழ் 1986 முதல் பிக் மாக் பர்கரின் விலையை வைத்து நாடுகளின் நாணய மதிப்பை எடைபோட்டு வருகிறது. பேராசிரியர்கள் அதைச் சிரிக்காமல் மேற்கோள் காட்டுகிறார்கள். நாமும் சிரிக்க வேண்டாம்.

ஆய்வு எல்லை: கிழக்கே தருமபுரி பேருந்து நிலையம், மேற்கே ஒகேனக்கல் அருவி, இடையில் பென்னாகரம். வடக்கு, தெற்கு எல்லைகள் நெறியாளர் கையெழுத்துப் போட்டபின் சேர்க்கப்படும்.

ஆய்வு முறை: போனோம், தின்றோம்.

முன்னாய்வுகள்: பர்கர் பிறந்த ஊர் எது என்பதில் அமெரிக்காவில் இன்னும் தகராறு தீரவில்லை. விஸ்கான்சின் மாநிலத்துச் சீமோர் 1885 என்கிறது. நியூயார்க் மாநிலத்து ஹாம்பர்க்கும் அதே 1885 என்கிறது. கனெக்டிகட்டில் லூயிஸ் லஞ்ச் என்ற சிறு கடை, 1900இல் நாங்கள்தான் முதலில் போட்டோம் என்று இன்றும் வியாபாரம் செய்கிறது. டெக்சாஸிலிருந்து ஏதென்ஸ் என்ற ஊரும் வழக்கில் சேர்ந்திருக்கிறது. புலவர்கள் பிறந்த ஊரையெல்லாம் தத்தம் மாவட்டத்துக்குள் இழுத்து வந்துவிடும் நம் அறிஞர்களுக்கு இதில் வியப்பிருக்காது. அவர்கள் கையில் கிடைத்திருந்தால் சீமோரில் இந்நேரம் மணிமண்டபம் எழுந்திருக்கும்.

இந்திய வரலாறு சுருக்கமானது. 1996 அக்டோபரில் தில்லி வசந்த் விகாரில் மெக்டொனால்ட்ஸ் முதல் கடையைத் திறந்தது, மாட்டிறைச்சி இல்லாமல். அதே 1996 மே மாதத்தில், பக்கத்துப் பர்கூர் தொகுதியில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தோற்றார். பர்கூர் சாய்ந்த ஆண்டில் பர்கர் எழுந்தது என்று இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடலாம். இதைவிட மெலிந்த கயிற்றில் முனைவர் பட்டங்கள் தொங்குவதைப் பார்த்திருக்கிறோம். ஆயினும் நாம் அதில் இறங்கவில்லை. வேறு யாராவது ஏற்கெனவே பதிவு செய்திருக்கக்கூடும்.

இனி வகைப்பாடு.

வீட்டு பர்கர்: பிள்ளை அழுததும் பெட்டிக்கடை பன்னைப் பிளந்து உள்ளே மசால் வடையை வைத்துத் தருவது, வடை அருமை, அழுகை நிற்காது.

நெடுஞ்சாலை பர்கர்: தேசிய நெடுஞ்சாலை 44இல், கழிப்பறைக்காகக் காரை நிறுத்தியவர்கள் கூச்சத்துக்காக வாங்குவது. அந்தச் சாலை பென்னாகரம் பக்கம் வருவதில்லை என்பதால் நாமும் அதன் பக்கம் போகவில்லை.

கண்ணாடிப் பெட்டி பர்கர்: இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை. பேக்கரியில் மேல்தட்டில் தேங்காய் பன், கீழ்த்தட்டில் முட்டை பப்ஸ், நடுவே காலையிலிருந்து தெருவை வெறித்தபடி சில பர்கர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் பன். பன்னுக்குள் முட்டைக்கோஸ், ஒரு வட்டம் தக்காளி, உருளைக்கிழங்கு கட்லெட், அதன்மேல் மயோனைஸும் தக்காளி சாஸும். இவ்வமைப்பைச் சைவ சித்தாந்தத்தால் மட்டுமே விளக்க இயலும். எல்லாவற்றையும் தாங்கும் பன், பதி. நடுவில் அகப்பட்டுக்கொண்ட கட்லெட், பசு. பெயர்தான் அப்படி, உள்ளே உருளைக்கிழங்கு. விரலிலும் சட்டையிலும் ஒட்டி எவ்வளவு துடைத்தாலும் போகாத தக்காளி சாஸ், பாசம். வைணவ விளக்கமும் ஒன்று உண்டு. மேல் பன்னுக்கு முதல் மரியாதையா, கீழ் பன்னுக்கா என்ற வழக்கு முடியாததால் அது இன்னும் வெளிவரவில்லை.

காலப் பகுப்பும் தேவைப்படுகிறது. பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. இனி வருங்கால ஆய்வாளர்கள் பர்கரைத் தடைக்கு முற்பட்டது, தடைக்குப் பிற்பட்டது என்று பிரித்துத் தலா ஒரு நூல் எழுதலாம். வேறுபாடு நாக்குக்குத் தெரிகிறதா என்றால், தெரியவில்லை (டீ மாஸ்டர், வாய்மொழி).

இப்போது முதன்மைச் சிக்கலுக்கு வருவோம். பர்கரைக் கைகாட்டிய மறுகணம் கடைக்காரர் கேட்பார்: “சூடு பண்ணட்டுங்களா?”

இக்கேள்விக்கு விடை கூறுவோர் மூவகையினர். பண்ணுங்க என்போர் முதல்வகை. அப்படியே குடுங்க என்போர் இரண்டாம் வகை. இவர்கள் பேருந்து கிளம்பிவிடுமோ என்ற கவலையில் இருப்பவர்கள், கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் அல்லர். மூன்றாம் வகையினர் “லேசா” என்பர். ஆய்வுலகம் அஞ்ச வேண்டியது இவர்களைத்தான், ஏனெனில் மைக்ரோவேவ் பெட்டியில் ‘லேசா’ என்று ஒரு பொத்தான் கிடையாது (டீ மாஸ்டர், வாய்மொழி, இரண்டாம் ஆற்றில், நுரை அடங்குமுன்).

பெட்டிக்குள் நடப்பது என்ன? அந்த அலைகள் நீர் நிறைந்ததையே முதலில் பிடிக்கும். எனவே தக்காளி கொதிக்கிறது. கோஸ் துவள்கிறது. கட்லெட்டின் நடுப்பகுதிக்குச் சேதி போய்ச் சேருவதில்லை. பன்னோ ஆவியைக் குடித்துப் பஞ்சாகி, நாம் காசு எண்ணிக் கொடுப்பதற்குள் ஆறி, தோல்போல் இழுக்க ஆரம்பிக்கிறது. முதல் கடியில் நாக்கு வெந்து, இரண்டாம் கடியில் பல் கூசும். ஒரே பண்டத்தில் சித்திரையும் மார்கழியும் அடுத்தடுத்து வருவதைத் திணை இலக்கணம் கற்றோர் ஏன் இன்னும் விளக்க முன்வரவில்லை என்று தெரியவில்லை. பெரும்பொழுது, சிறுபொழுது இரண்டிலும் அடங்காத இதனைக் ‘கடிபொழுது’ எனலாம்.

விளைவு இது எனத் தெரிந்தும் கடைக்காரர் ஏன் கேட்கிறார்? “கேக்கலைன்னா, ஏன் கேக்கலைம்பாங்க” என்பது மூலபாடம் (மேலது, கல்லாவுக்கு இடப்புறம், சில்லறை இல்லை என்று அறிவிக்கப்பட்ட உடனே, ஒப்பிடுக: அதே மாஸ்டர், மறுநாள் காலை, “நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க”, இரு பாடங்களையும் சீர்தூக்கி, பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்த பையனின் தலையசைப்பு, தேதியிடப்படாதது). இதற்கு மேலான உரை தேவையில்லை. சூடு பண்ணுவது சமையலில் சேராது; அது உபசாரம்.

இம்முடிவைப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கு அனுப்பவிருக்கிறோம். பெயரிலேயே பன் இருப்பதால் மறுக்கமாட்டார்கள். கட்டணம் கட்டினால் எதையுமே மறுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எஞ்சியிருப்பது ஒகேனக்கல் பர்கர். இது இன்னும் கருதுகோள் நிலையில் உள்ளது. எந்தக் கடைப் பலகையிலும் நாம் பார்க்கவில்லை. ஆனால் உறுப்புகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. அருவிக்கரையில் நாம் வாங்கிக் கொடுக்கும் மீனைக் கழுவி, மிளகாய்ப் பொடியும் உப்பும் தடவி, கண்ணெதிரே வறுத்துத் தரும் அக்காமார் இருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி இல்லை, பிளாஸ்டிக் உறை இல்லை, சூடு பண்ணட்டுங்களா என்ற கேள்விக்கே வழியில்லை. அமெரிக்காக்காரன் இன்னும் சண்டை போடும் பண்டமாக இது மாறக் குறைவது ஒன்றே ஒன்று, அது பென்னாகரத்தில் கிடைக்கிறது.

ஆகவே ஒகேனக்கல் செல்லும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பென்னாகரத்தில் பேருந்து நிற்கும்போது இறங்கி, இனிப்பில்லாத வெறும் பன் நாலைந்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மீன் வந்ததும் நடுமுள்ளை உருவிவிட்டு, வெங்காயம் வைத்து, எலுமிச்சை பிழிந்து, சூட்டோடு சாப்பிடுங்கள். சிறுமுள்ளைப் பார்த்துக்கொள்ளவும்.