யாரோ ஒருவரால் திருடப்பட்ட குடை

பெறுநர்: பெருமதிப்பிற்குரிய விடைக்குறிப்புத் தயாரிப்புக் குழுவினர்.
பொருள்: எட்டாம் வகுப்பு ஆங்கிலம் – பாஸிவ் வாய்ஸ் – அரை மதிப்பெண் குறைக்கப்பட்டமை – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

நடந்து முடிந்த பருவத் தேர்வில் ‘சம்பாடி ஸ்டோல் மை அம்ப்ரெல்லா’ என்ற வாக்கியத்தைப் பாஸிவ் வாய்ஸுக்கு மாற்றும்படி கேட்கப்பட்டது. ‘மை அம்ப்ரெல்லா வாஸ் ஸ்டோலன்’ என்று எழுதிய பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் குறைக்கப்பட்டது. கடைசியில் ‘பை சம்பாடி’ இல்லையாம். தங்கள் விடைக்குறிப்பில் அது இருந்ததால், விடைத்தாளில் அது இல்லாத வெற்றிடத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடப்பட்டது. குடையும் போய், பையும் இல்லாமல், அரை மதிப்பெண்ணும் போய் அந்தப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அடடா, நானும் ‘கேட்கப்பட்டது’, ‘குறைக்கப்பட்டது’, ‘போடப்பட்டது’ என்று மொட்டையாக எழுதிவிட்டேன். பொறுத்தருள்க. யாரோ ஒருவரால் கேட்கப்பட்டது. யாரோ ஒருவரால் குறைக்கப்பட்டது. வட்டமும் யாரோ ஒருவரால்தான் போடப்பட்டது. இனி கவனமாக இருப்பேன்.

செயப்பாட்டு வினை எதற்காக இருக்கிறது என்பதைத் தங்களுக்குச் சொல்லித்தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்குச் சமம். செய்தவர் யாரென்று தெரியாதபோது அது உதவும். தெரிந்தும் சொல்ல மனமில்லாதபோது இன்னும் நன்றாக உதவும். ‘காலிப் பணியிடங்கள் விரைவில் நிரப்பப்படும்’, ‘கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு வருகிறது’, ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று வருகிற சுற்றறிக்கைகளில் எங்காவது ஓர் ‘ஆல்’ உண்டா? யாரால் நிரப்பப்படும் என்று ஒரு சுற்றறிக்கையாவது வாய் திறந்திருக்கிறதா? செய்பவரை மறைப்பதில் அலுவலகத் தமிழ் அடைந்திருக்கும் உயரத்துக்கு ஆங்கிலம் இன்னும் வரவில்லை. அதே நுட்பத்தை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை பிழையில்லாமல் கையாண்டால் மட்டும் அரை மதிப்பெண் போய்விடுகிறது. 1930களில் வெளிவந்து இன்றும் நம் ஊர்க் கடைகளில் விற்கிற ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகமே, செய்தவர் யாரோ எவரோ என்றிருக்கும் இடத்தில்தான் பாஸிவ் பொருத்தம் என்கிறது. பேனா திருடுபோனதைச் சொல்லும்போது திருடியவரை விட்டுவிடுகிறது. அந்த ரென், பிரெஞ்சு வெளிநாட்டுப் படையைப் பற்றிச் சாகச நாவல்கள் எழுதியவர். ராணுவக் கட்டுப்பாடு தெரிந்த அவரே தங்கள் அளவுக்குக் கறார் காட்டவில்லை.

இந்த நுட்பம் பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை. கை தவறி டம்ளரைப் போட்டு உடைத்த பிள்ளை அம்மாவிடம் என்ன சொல்லும்? ‘டம்ளர் உடைஞ்சிருச்சும்மா.’ ‘என்னால் உடைக்கப்பட்டது’ என்று சொல்லி அடி வாங்கிய பிள்ளை தமிழ்நாட்டில் இதுவரை பிறக்கவில்லை. உடைத்தது என்பதில் ஒரு ‘த்’தை ‘ந்’ ஆக்கினால் உடைத்தவர் மாயமாகிவிடுவார். அப்படிப்பட்ட மொழி நம்முடையது. சைக்கிள் திருடு போச்சு, பணம் தொலைஞ்சு போச்சு என்றுதான் ஊரே பேசுகிறது. ‘யாரோ ஒருவரால் என் சைக்கிள் திருடப்பட்டது’ என்று காவல் நிலையத்தில் சொல்லிப் பாருங்கள். ஏட்டையா நம்மைத்தான் முதலில் சந்தேகப்படுவார். ஆனால் ‘தஞ்சைப் பெரிய கோயில் ராஜராஜனால் கட்டப்பட்டது’ என்ற வாக்கியத்தில் ‘ராஜராஜனால்’ என்பதை எடுத்துவிட்டால் வாக்கியமே வெறுமையாகிறது. அங்கே செய்தவர்தான் செய்தி. குடை விஷயத்தில் குடை காணாமல் போனதுதான் செய்தி. இந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், ‘பை’ எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். தமிழ்ப் பாடவேளையில் செய்வினை, செயப்பாட்டுவினை. அடுத்த மணி அடித்ததும் ஆங்கிலத்தில் ஆக்டிவ், பாஸிவ். இரண்டும் ஒன்றுதான் என்ற ரகசியம் பிள்ளைகளிடமிருந்து வெற்றிகரமாகக் காப்பாற்றப்பட்டு வருகிறது, யாரோ ஒருவரால்.

விடைக்குறிப்பு சோதிப்பது ஆங்கிலத்தை என்று இனியும் சொல்ல முடியாது. அது சோதிப்பது இடமாற்றத்தை. பின்னால் உள்ளதை முன்னால் கொண்டுவா, முன்னால் உள்ளதற்கு ‘பை’ மாட்டிப் பின்னால் தள்ளு, நடுவில் ஒரு ‘வாஸ்’ போடு. வாக்கியத்தின் பொருள் ஒரு சொல்கூடத் தெரியாத பிள்ளையும் இதில் முழு மதிப்பெண் வாங்கலாம். பொருள் தெரிந்து எழுதிய பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஏசர் அமைப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியக் கிராமப்புறங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 46.7 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளால் வாசிக்கவே முடியாத வாக்கியத்தைத்தான் நாம் தலைகீழாகத் திருப்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இலக்கணமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். வேண்டும். இலக்கணத்தைத் தனியே பிரித்தெடுத்துப் பயிற்சி கொடுத்தால் எழுத்து வளருமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் பிராடாக் குழுவின் அறிக்கை அதை 1963லேயே சந்தேகித்தது. நியூசிலாந்தில் எல்லி குழுவினர் ஏறக்குறைய இதே வயதுப் பிள்ளைகளை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து, இலக்கணம் படித்தவர்களின் எழுத்துக்கும் படிக்காதவர்களின் எழுத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை என்று 1976இல் எழுதினார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி, நம் பிள்ளைகளுக்கு அப்படியா என்பது நியாயமான மறுப்புதான். அதற்கு விடை வெளிநாட்டில் இல்லை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் நடத்திக் காட்டிய திட்டம்தான் அந்த விடை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கேட்பது போன்ற வேலைகள்தாம் பாடம். கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானாகப் படியும் என்பது அவர் கட்சி. பிறகு ஆய்வாளர்கள் பெரட்டாவும் டேவிஸும் அந்தத் திட்டத்தை மதிப்பிட்டபோது, வழக்கமான இலக்கண வகுப்புப் பிள்ளைகள் இலக்கண அமைப்புத் தேர்வில் முந்தினார்கள். மற்றவற்றில் பெரும்பாலும் பிரபுவின் பிள்ளைகள் கை ஓங்கியிருந்தது. வாக்கியத்தை மாற்றப் பழக்கினால் பிள்ளை வாக்கியத்தை மாற்றும். அவ்வளவுதான் லாபம்.

‘நாங்கள் எல்லாம் இப்படித்தானே படித்து முன்னேறினோம்’ என்பவர்களுக்கு ஒன்று. முன்னேறியவர்கள் பேட்டி கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் தவறிப் படிப்பை விட்டவர்களிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை.

கடைசி மறுப்பு தங்களுடையது. ஆயிரக்கணக்கான விடைத்தாள்கள், திருத்துபவர்கள் பலர், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டாமா? வேண்டும்தான். அதற்கு விடைக்குறிப்பில் ஒரு சாய்கோடு போட்டு, அதன் பக்கத்தில் இரண்டாவது சரியான விடையையும் எழுதியிருந்தால் போதுமே. ஒரு சாய்கோடு! அதற்கு ஆகிற மை எவ்வளவு? திருத்திய ஆசிரியருக்குப் பிள்ளை எழுதியது சரி என்று தெரியும். விடைக்குறிப்பை மீறினால் விளக்கம் கேட்பார்கள் என்ற பயத்தில் வட்டம் போட்டிருப்பார். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளை அந்த வட்டத்தைத்தான் நம்பும். சரியாக எழுதியதை அடுத்த தேர்வில் அடித்துவிட்டுத் தப்பாக எழுதும். இதற்கு மதிப்பீடு என்று பெயர் வைக்காதீர்கள், இது அநியாயம். குடையைத் திருடியவனாவது யாரென்று தெரியாதவன்.

மன்னிக்கவும், குரல் சற்றே உயர்த்தப்பட்டுவிட்டது, யாரோ ஒருவரால். தங்கள் பெருந்தன்மை நாடறிந்தது. எனவே பணிவுடன் ஒரே ஒரு வேண்டுகோள். குறைத்த அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்குத் தாங்கள் அனுப்பப்போகும் பதிலில் ‘கோரிக்கை பரிசீலிக்கப்படும்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிட வேண்டாம். யாரால் என்பதையும் சேர்த்து எழுதவும். விடுபட்டால் அரை மதிப்பெண் குறைக்கப்படும்.