துறைமுகத்துக்கு ஒரு பிரட்டு

இலங்கைத் துறைமுக அதிகார சபைக்கு ஓர் இலவச ஆலோசனை. கட்டணம் வேண்டாம், நட்சத்திர ஹோட்டலில் திரைபோட்டு விளக்கவும் வேண்டாம், ஒரு பிளேன்டீ போதும். அதன் தூளும் எங்களுடையதுதான். ஓப்பநாயக்க பக்கத்துத் தோட்டம் ஏதாவது ஒன்றிலிருந்து கணக்கப்பிள்ளை ஒருவரைக் கூட்டிப்போய்த் தலைமையகத்தில் உட்கார வையுங்கள். ஒரு மாதம் போதும். செக்ரோல், தராசு, காதில் செருகிய பென்சில் எல்லாவற்றையும் அவரே கொண்டுவருவார்.

மனுசனுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. கணக்குத் தெரியும். விடியப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் பிந்தினால் அன்று வேலையில்லை என்று திருப்பி அனுப்பத் தெரியும். கொழுந்து சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போடத் தெரியும். சாக்குக்குக் கழிவு, மழைத்தண்ணிக்குக் கழிவு, முற்றின இலைக்குக் கழிவு என்று, காலை ஆறு மணியிலிருந்து மலையில் நின்றவளின் கூடையில் மூன்று முறை கைவைக்கத் தெரியும். பால்வெட்டுக்காரியின் வாளியில் மெட்ரோலாக்கை விட்டு, எவ்வளவு பால், எவ்வளவு தண்ணி என்று கண்டுபிடிக்கத் தெரியும். நூறு கிராமுக்கும் பதில் கேட்கிற இந்த நாட்டில், நூறு கோடி டொலருக்குப் பதில் கேட்க ஆளில்லாமல் போனதுதான் எங்களுக்கு விளங்காத புதினம்.

ஆக, துறைமுகப் பிரட்டு தொடங்கட்டும். முதல் பேர் அம்பாந்தோட்டை.

பெல்மதுளைச் சந்தியில் எம்பிலிப்பிட்டிய ரோட்டைப் பிடித்துக் கீழே இறங்கினால் அங்கே போய்ச் சேரலாம். அந்தத் துறைமுகத்துக்கு ஒரு திட்டமும் இருக்கவில்லை என்று யாரும் சொல்லவேண்டாம். 2003இல் கனடாக்காரர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 2006இல் டென்மார்க்கின் ரம்போல் நிறுவனம் இன்னொன்று செய்தது. அதில் சொன்ன யோசனை, கடைக் கொப்பியில் கடன் எழுதி வாழ்கிற எங்களுக்கே விளங்கும்: முதலில் எண்ணெய், வாகனம், தானியம் என்று கொள்கலன் இல்லாத சரக்கை இறக்குங்கள், கையில் நாலு காசு சேரட்டும், பிறகு பெருப்பிக்கலாம். காசு சேரும்வரை காத்திருப்பதா? 2008 ஜனவரியில் வேலை தொடங்கியது. சீனாவின் எக்ஸிம் வங்கியிடம் முதல் கட்டத்துக்கு 307 மில்லியன் டொலர், 6.3 வீத வட்டி. 2010 நவம்பர் 18ஆம் திகதி திறப்பு விழா. அன்று என்ன விசேஷம் என்கிறீர்களா? ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் 65ஆவது பிறந்தநாள். உலகத்தில் துறைமுகத்தை அலையும் ஆழமும் பார்த்துத் திறப்பார்கள். நாங்கள் கேக் வெட்டும் நாள் பார்த்துத் திறந்தோம்.

திறந்த துறைமுகத்தின் வாசலில் ஒரு பாறை. தண்ணிக்கு அடியில் குந்தியிருந்தது. பெரிய கப்பல் உள்ளே வர வழியில்லை. அதை உடைக்க 40 மில்லியன் டொலர் போனதாகச் செய்திகள் சொல்லின. எங்கள் தோட்டத்தில் கான் வெட்டப் போகிறவன், மம்பட்டியைப் போடுவதற்கு முன்னால் அலவாங்கால் நாலு குத்துக் குத்தி, கல் கிடக்கிறதா என்று பார்ப்பான். அவனுக்கு ஆலோசனைக் கட்டணம் யாரும் கொடுப்பதில்லை.

2012இல் அம்பாந்தோட்டைக்கு வந்த கப்பல்கள் 34. அதே வருடம் கொழும்புக்கு வந்தவை 3,667. கொழும்புக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கப்பல், அம்பாந்தோட்டைக்குப் பத்து நாளைக்கு ஒரு கப்பல். கணக்கப்பிள்ளை இருந்திருந்தால் அரைப்பேர்கூடப் போட்டிருக்க மாட்டார். நாளைக்கு வரவேண்டாம் என்றிருப்பார். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? அந்த 2012ஆம் வருடமே எக்ஸிம் வங்கியிடம் மறுபடி போய் இன்னொரு 757 மில்லியன் டொலர் கடன் வாங்கியது. கப்பல் வராததற்குக் காரணம் துறைமுகம் சின்னதாக இருப்பதுதான் என்று கண்டுபிடித்திருப்பார்கள். கொழும்பில் இறங்கவேண்டிய வாகனக் கப்பல்களையும் அங்கே திருப்பிவிட்டார்கள். கொழுந்து நிறையாத கூடையில் கல்லைப் போட்டு நிறுக்கிற வேலை. தோட்டத்தில் அதைச் செய்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும்.

2016 டிசம்பரில் அங்கு வேலை செய்த பொடியன்கள் நிரந்தர நியமனம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் வராத துறைமுகத்துக்குக் கடற்படை வந்தது.

பிறகு 2017 ஜூலை 29. 99 வருடக் குத்தகை, 70 வீதப் பங்கு, சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனம், 1.12 பில்லியன் டொலர். காலிமுகத்திடல் தொடங்கிப் பாராளுமன்றம் வரைக்கும் ஒரே ஒப்பாரி: நாட்டை விற்றுவிட்டான், சீனன் கண்ணி வைத்துவிட்டான். எனக்கு இந்த ஒப்பாரியில் நம்பிக்கையில்லை. இடத்தைக் காட்டியது யார்? திகதியைக் குறித்தது யார்? பொறு என்ற அறிக்கையை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியது யார்? அதைவிடப் பெரிய பகிடி ஒன்று உண்டு, மேடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. அந்த 1.12 பில்லியனால் துறைமுகக் கடன் தீரவில்லை. பணம் வெளிநாட்டுக் கையிருப்பைத் தூக்கிநிறுத்தப் போயிற்று. எக்ஸிம் கடன் திறைசேரியின் தலையில் அப்படியே இருந்தது. மாட்டை விற்ற பிறகும் மாட்டுக் கடனுக்கு வட்டி கட்டிய ஒரே வீடு இந்த வீடாகத்தான் இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2017ஆம் வருடம் இலங்கைத் தேயிலை ஏற்றுமதியில் வந்த வருமானம் 1.5 பில்லியன் டொலருக்கு மேல். 99 வருடத்துக்குத் துறைமுகத்தைக் கொடுத்து வாங்கிய பணம், எங்கள் பெண்பிள்ளைகள் ஒரே வருடத்தில் இரண்டிலையும் மொட்டுமாகக் கிள்ளிச் சேர்த்ததற்கு எட்டவில்லை. அதே பெண்பிள்ளைகள் ஒரு நாளைக்கு 1,000 ரூபா கேட்கத் தொடங்கியது 2015இல். அது வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். துறைமுகத்தை மூன்று வருடத்துக்குள் கட்டித் திறந்த அரசுக்கு, ஆயிரம் ரூபாவைத் திறக்க ஆறு வருடம். பாறை அங்கேயும் கிடந்திருக்கிறது. உடைக்கத்தான் யாருக்கும் 40 மில்லியன் கிடைக்கவில்லை.

அதிகார சபை 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது. துறைமுகங்களைத் திட்டமிடுவதும் கட்டுவதும் நடத்துவதும் ஒழுங்குபடுத்துவதும் அதன் பொறுப்பு. கொழும்பில் ஜய கொள்கலன் முனையத்தைத் தானே நடத்துகிறது. பக்கத்தில் தெற்காசிய நுழைவாயில் முனையத்திலும், சீனர் நடத்தும் தெற்கு முனையத்திலும், அதானியும் ஜோன் கீல்ஸும் சேர்ந்து கட்டிய மேற்கு முனையத்திலும் தலா 15 வீதப் பங்கு. இத்தனை முனையங்களும் ஒன்றோடொன்று போட்டி. போட்டியில் ஓடுகிறவனும் அவன், மற்ற ஓட்டக்காரர்களின் பங்காளியும் அவன், விசில் ஊதுகிறவனும் அவன். இது எங்களுக்குப் புதிதல்ல. கொழுந்தை வாங்குகிறதும் கம்பனி, நிறுக்கிறதும் கம்பனி, கழிக்கிறதும் கம்பனி, தராசு பிழை என்றால் விசாரிக்கிறதும் கம்பனி. ஒரே வித்தியாசம், தோட்டத்தில் அந்த ஏற்பாட்டால் கம்பனிக்கு ஒருபோதும் நட்டம் வராது.

கிழக்கு முனையத்தின் கதையை நீட்டப்போவதில்லை. முதல் 440 மீட்டர் மேடையைக் கட்டி முடித்துவிட்டு, வருடக்கணக்காகச் சும்மா போட்டிருந்தார்கள். 2019இல் ஜப்பானுக்கும் இந்தியாவுக்கும் தருவதாகக் கையெழுத்து. 2021 பெப்ரவரியில் இல்லை, நாங்களே நடத்துவோம் என்று அமைச்சரவை முடிவு. ஏமாந்த இந்தியாவைச் சமாதானப்படுத்த மேற்கு முனையம். கிழக்குக் கரையில் ஒலுவிலும் அப்படித்தான்: அங்கே டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. மீனவன் படகையும் இழந்தான், படகு இழுத்துவைத்த மணலையும் இழந்தான். பேர் வெட்டு. அடுத்தது.

அடுத்தது காவல் வேலை. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள், ஒன்றில் நைத்திரிக் அமிலம் ஒழுகியது. கட்டாரிலும் இந்தியாவிலும் அந்தப் பெட்டியை இறக்க ஏலாது என்றார்கள். கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டு, 2021 மே 20இல் தீப்பிடித்தது. துறைமுக அதிகார சபை, கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை, வணிகக் கப்பல் செயலகம், சுங்கம் என்று நாலு வாசல், நாலு காவல்காரர், ஒவ்வொருவரும் அடுத்தவரின் வாசலைக் காட்டினார்கள். பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் பனிபோலக் கொட்டின, ஆமைகள் செத்து ஒதுங்கின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பு ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு கட்டவேண்டும் என்றது. அதற்கே நாலு வருடம். அதற்கு முன்னால் பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தை, தரைவிரிப்பு என்ற பெயரில் 263 கொள்கலன் குப்பை உள்ளே வந்து வருடக்கணக்காகக் கிடந்தது. 2025 ஜனவரியில், நெரிசல் என்ற காரணத்தைச் சொல்லி 323 கொள்கலன்கள் திறந்து பார்க்காமலே வெளியே போயின. எங்கள் ஸ்டோரில் வேலை முடிந்து வருகிறவனின் மடியில் கைப்பிடித் தூள் இருக்கிறதா என்று வாசலில் தடவிப் பார்க்கிறார்களே, அந்தக் காவல்காரரையும் கணக்கப்பிள்ளையோடு லொறியில் ஏற்றி அனுப்பலாமா?

உரக் கதை ஒன்று மிச்சம். 2021இல் இரசாயன உரத்தை ஒரே வீச்சில் தடைசெய்து, மலைகளை மஞ்சளாக்கிவிட்டு, சீனாவிலிருந்து சேதன உரம் கேட்டார்கள். ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கப்பல் வந்தது. கிருமி இருக்கிறது, இறக்காதே என்றார்கள், நியாயமான முடிவுதான். ஆனால் 2022 ஜனவரியில் அதற்குக் கிட்டத்தட்ட 7 மில்லியன் டொலர் செலுத்தினார்கள். இறங்காத உரத்துக்குப் பேர் விழுந்தது. உரமில்லாத செடியில் கிலோ குறைந்ததற்கு எங்களுக்கு அரைப்பேர் விழுந்தது.

அதே காலத்தில் ஈரானுக்கு 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடன் பாக்கி. டொலர் இல்லை. என்ன செய்வது? மாதம் 5 மில்லியன் வீதம் தேயிலையாகக் கட்டுகிறோம் என்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் எழுதினார்கள். கடன் வாங்கும்போது எங்கள் ஞாபகம் ஒருவருக்கும் வராது. கட்டும்போது வரும்.

கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் வேல்ஸ் இளவரசர் கல் வைத்தார். கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் எழுந்த துறைமுகம் அது. அந்தச் சரக்கைக் கொண்டுபோக மலைக்கெல்லாம் தண்டவாளம் போட்டார்கள். களனிவெளிச் சின்ன ரயில் 1912இல் இரத்தினபுரிக்கு வந்தது, 1919இல் ஓப்பநாயக்கவுக்கு வந்து நின்றது. கடைசி ஸ்டேஷன் எங்களுடையது. தேயிலையும் ரப்பரும் இங்கிருந்து ஏறிக் கொழும்புக்குப் போயின. பிறகு, இந்தியாவோடு செய்த 1964ஆம் வருட ஒப்பந்தப்படி எங்கள் சனத்தில் பெரிய பங்கு தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பலில் ஏறியது. அந்தத் துறைமுகத்துக்கு ஆள் வரவில்லை என்று ஒருபோதும் யாரும் குறைபட்டதில்லை.

1976இல், நட்டத்தில் ஓடுகிறது என்று ஓப்பநாயக்க ரயிலை மூடினார்கள். தண்டவாளத்தையும் கழற்றினார்கள். நட்டம் என்றால் மூடவேண்டும் என்ற அந்தப் பொருளாதாரப் பாடம் அவிசாவளைக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் செல்லும் போலிருக்கிறது. அம்பாந்தோட்டைப் பக்கம் நட்டம் வந்தால் பக்கத்தில் ஒரு விமான நிலையம் கட்டுவார்கள். 2013இல் மத்தளையில் அதையும் கட்டினார்கள்.

இப்போது ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தேசியத் துறைமுகப் பெருந்திட்டம் ஒன்று இருக்கிறது. கொழும்பு, அம்பாந்தோட்டை, காலி, திருகோணமலை, காங்கேசன்துறை எல்லாம் அதில் உண்டு. புதிய அரசாங்கம் வந்தால் அதைத் திருத்துவார்கள். அடுத்த அரசாங்கம் திருத்தியதைத் திருத்தும். அப்போது பொதுமக்கள் கருத்துக் கேட்டு விளம்பரம் போடுவது வழக்கம். அந்தத் திட்டத்தின் ஒரு பிரதியைத் தமிழில் எங்களுக்கும் அனுப்புங்கள். லயத்துக்கு இலக்கம் கிடையாது, தனி முகவரியும் கிடையாது. தோட்டத்து ஒபிஸுக்குப் போட்டால் போதும். எங்கள் கடிதங்கள் எல்லாம் அங்கேதான் வரும். கருத்துச் சொல்லக் கடைசித் திகதி முடிந்த பிறகு எங்கள் கைக்கும் வரும்.