பாட்டாவுக்க பாடம்: நல்லா பார்வேர்டு பண்ணு மக்களே

மக்களே, அந்தப் போனைக் கீழ வைக்காண்டாம். நீ வச்சுட்டா உலகம் நின்னுபோவும். செய்தியெல்லாம் நம்ம உதியன்குளங்கரை ஜங்ஷன்ல வந்து, பாறசாலைக்குப் போவணுமா நெய்யாற்றின்கரைக்குப் போவணுமான்னு தெரியாம முழிச்சுட்டு நிக்கும். நீ கைபிடிச்சு ஏத்திவிட்டாத்தான் அதுக்கு வண்டி. அதனால அனுப்பு, நல்லா அனுப்பு. பாட்டா தடுக்கமாட்டேன். எப்படி அனுப்பணும்னு மட்டும் சொல்லித் தாறேன்.

முதல்ல, வாசிக்காண்டாம். வாசிச்சா நேரம் போவும். அதுக்குள்ள வேற ஒருத்தன் முந்திருவான். குடும்பக் குழுவில ரெண்டாவதா அனுப்புதவனுக்கு என்ன மதிப்பு இருக்கு? தலைப்பில ஆச்சரியக்குறி மூணு இருந்தாப் போதும், அது நல்ல செய்தியாக்கும். தேதி பாக்காண்டாம். எங்க நடந்துதுன்னு கேக்காண்டாம். யாரு சொன்னதுன்னு கேக்கவே கேக்காண்டாம், அது குடும்பத்தில பிணக்கு உண்டாக்குத கேள்வி.

படம் அனுப்புததுதான் இன்னும் சுகம். நம்ம பக்கத்தில செங்கல் மகேஸ்வரம் சிவபார்வதி கோவில் இருக்கு இல்லியா? 111 அடிக்கு மேல உயரமுள்ள சிவலிங்கம். 2019-ல திறந்தது, உள்ள எட்டு நிலை, ஏறி இறங்கினா எனக்க வயசு முட்டுக்குத் தெரியும். அந்த லிங்கத்துக்க படத்தை எனக்கு ஒருத்தன் அனுப்புதான்: இமயமலையில பனி உருகினப்போ தானே வெளிப்பட்டதாம், பத்துப் பேருக்கு அனுப்பினா சாயங்காலத்துக்குள்ள நல்ல சேதி வருமாம். அனுப்பினவன் வீடு எங்கன்னு கேட்டியா? அந்தக் கோவில்ல வெடிவழிபாடு போட்டா அவனுக்க ஓட்டுல அதிரும். நான் ஒண்ணும் சொல்லல, பத்துப் பேருக்கு அனுப்பினேன். சாயங்காலம் கரண்டு பில்லு வந்தது.

அவனைச் சொல்லிக் குத்தமில்ல. தீபாவளி ராத்திரியில இந்தியா விண்வெளியில இருந்து எப்படித் தெரியும்னு ஒரு படம் வருஷாவருஷம் வருமே, சிவப்பும் பச்சையும் நீலமுமா நாடு முழுக்க ஜொலிக்குமே, அதைப் படிச்சவனும் அனுப்புதான். அது ஒரு ராத்திரிக்க படமே இல்ல மக்களே. அமெரிக்காவில உள்ள விஞ்ஞானிகள் பல வருஷத்து விளக்கு வெளிச்சத்தைச் சேத்து ஒட்டின படமாக்கும். 1992-க்கு முந்தியே இருந்த வெளிச்சம் வெள்ளை, 1992-ல தெரிஞ்சது நீலம், 1998-ல பச்சை, 2003-ல சிவப்பு. ஊருக்கு ஊரு கரண்டு பரவின கதையை அதில வாசிக்கலாம், எவ்வளவு நல்ல படம்! அதைக் கொண்டுபோய் மத்தாப்பு ஆக்கிப்போட்டானுவ. 2012 நவம்பர்ல நாசாக்காரவளே நிஜமான தீபாவளி ராத்திரிப் படத்தை வெளியிட்டு, மேல இருந்து பாத்தா உங்க பட்டாசு வெளிச்சம் கண்ணுக்கே தெரியாதுன்னு சொல்லிட்டாவ. அந்தப் படத்தை யாரும் அனுப்பல. பாக்க மங்கலா இருக்குல்லா.

டிவியில பாத்ததுன்னா கேள்வியே கிடையாது. 2016 நவம்பர்ல ரெண்டாயிரம் ரூபா நோட்டு வந்தப்போ, அதுக்குள்ள சிப்பு இருக்கு, 120 மீட்டர் ஆழத்தில புதைச்சாலும் மேல இருந்து கண்டுபிடிச்சிருவானுவன்னு கோட்டு போட்டவங்க டிவியில படம் வரைஞ்சு காட்டினாவ. அப்படி ஒண்ணுமே இல்லன்னு சொல்லவேண்டியவங்க சொன்னாவ. கேட்டது யாரு? இங்க மரச்சீனி வித்த காசுல ஒத்த நோட்டு கிடைச்சவன்கூட அதை வெயில்ல பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தான். 2023-ல ரிசர்வ் பாங்க் அந்த நோட்டையே திருப்பி வாங்கப் புறப்பட்டாச்சு. சிப்பு எங்க போச்சுன்னு கேட்டு ஒரு பார்வேர்டு இன்னும் எனக்கு வரல.

எங்க காலத்தில மட்டும் பொய் இல்லாமலா இருந்தது? இருந்தது மக்களே, வண்டி வண்டியா இருந்தது. சாயக்கடை பெஞ்சில ஒருத்தன் பேப்பரை உரக்க வாசிப்பான், சுத்தி இருக்குதவன் கேப்பான். வாசிக்குதவன் நடுவில ரெண்டு வரி சொந்தமா சேப்பான், சேக்காதவன் வாசிப்பு ருசிக்காது. ஆனா பக்கத்தில இருக்குதவன் பேப்பரைப் பிடுங்கி, “எங்கடே போட்டிருக்கு, காட்டு”ன்னு கேப்பான். காட்டமுடியலைன்னா அவன் அன்னைக்குச் சாயாவுக்குக் காசு குடுத்தாத்தான் எந்திரிக்கலாம். 1945-ல பி. என். பணிக்கர் அம்பலப்புழையில 47 வாசகசாலைகளைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினாரு. கிராமம் கிராமமா வாசகசாலை பரவின பிறகு இந்தப் பேப்பர் பிடுங்குத வழக்கத்துக்கு மேல ஒரு கூரையும் கிடைச்சது. அவரு செத்த ஜூன் 19-ஐத்தான் கேரளாவில வாசிப்பு தினமா கொண்டாடுதாவ. அன்னைக்கும் நீ ஒரு படம் அனுப்பினே, புத்தகத்தை நெஞ்சோட அணைச்ச ஒரு குழந்தை. நல்ல படம்.

டிவியும் அப்படித்தான் இருந்தது. 1982-ல இலங்கையில ரூபவாகினி தொடங்கினப்போ, குமரிக் கரையில ஒருத்தன் ஓட்டுமேல ஏறி ஆன்டெனாவைத் திருப்புவான். கீழ நின்னு ஒரு தெருவே, “வந்தாச்சு, போயாச்சு”ன்னு கத்தும். ஒரு பெட்டிக்கு முப்பது பேரு. படத்தில ஏதாவது பித்தலாட்டம் இருந்தா முப்பதில ஒருத்தனுக்காவது வெளிச்சமாவும். இப்ப ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி. அவனவன் போர்வைக்குள்ள கிடந்து தனியா ஏமாறுதான், பிறகு கூட்டமா அனுப்புதான்.

பேரு போட்டு எழுதினவன் பாடு என்னன்னு தெரியணும்னா நெய்யாற்றின்கரைக்குப் போ. சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை 1878-ல அங்க பிறந்தவரு. சுதேசாபிமானிங்கது பத்திரிகைக்க பேரு; வக்கம் மௌலவி அச்சகம் குடுத்தாரு, இவரு பத்திராதிபரு. திருவிதாங்கூர் திவான் ராஜகோபாலாச்சாரியைப் பத்தி எழுதினாரு, எழுதிட்டே இருந்தாரு. 1910 செப்டம்பர் 26-ஆம் தேதி அச்சகத்தைப் பிடிச்சுட்டு, அவரை ஆரல்வாய்மொழி வழியா எல்லை கடத்தினானுவ. ஆறு வருஷத்துக்குள்ள கண்ணூர்ல செத்தும் போனாரு, நாப்பது வயசு ஆகல. பாவம், விவரம் இல்லாத மனுஷன். “வந்ததை வந்தபடி அனுப்பியிருக்கேன்”னு அடியில ஒரு வரி போட்டிருந்தா திவானுக்கு ஆளே கிடைச்சிருக்காது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிச்சவனுக்குத்தான் சிலை வைக்கணும். கையும் சுத்தம், வாயும் சுத்தம், அனுப்பினது மட்டும் ஊரெல்லாம்.

ஒண்ணு மட்டும் சிரிக்காம கேளு. 2018 மே மாசம் திருவண்ணாமலைப் பக்கத்தில, குலதெய்வம் கோவிலுக்குக் காரில போன குடும்பத்தில ஒரு கிழவி வழியில பிள்ளைகளுக்கு மிட்டாய் குடுத்தா. பிள்ளை பிடிக்க ஆளு வந்திருக்குன்னு அதுக்கு முந்தியே வாட்ஸ்அப்ல பரவிக் கிடந்தது. ஊரு கூடி அடிச்சுக் கொன்னுட்டானுவ. அவ எனக்க வயசுக்காரி. அடிச்சவன்ல பலரைப் பிடிச்சாவ, அனுப்பினவன்ல எத்தனை பேரு அன்னைக்குச் சோறு இறங்காம இருந்தானுவன்னு யாரு கண்டா? அந்த வருஷம் நாட்டில வேற இடத்திலயும் இப்படியே நடந்தது. பிறகு ஜூலையில, இந்தியாவில ஒருத்தன் ஒரு தடவைக்கு அஞ்சு இடத்துக்கு மேல அனுப்பமுடியாதபடி வாட்ஸ்அப்காரன் பூட்டு போட்டான். 2020-ல, ரொம்பச் சுத்தின சரக்குன்னா ஒரு நேரம் ஒரு இடத்துக்குத்தான்னு இன்னும் இறுக்கினான். ரெட்டை அம்புக்குறி போட்டு வருமே, அதுதான். மனுஷனுக்கு வரவேண்டிய கூச்சத்தைப் பெட்டிக்கு வச்சுக் குடுத்திருக்கான். உனக்க சித்தப்பன் அதைக் கௌரவக்குறின்னு நெனைச்சுட்டு இருக்கான், ரெட்டை அம்பு இருந்தாத்தான் தொடுதான்.

அனுப்புததே தப்புன்னு நான் சொல்லல. அதே 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில, மொட்டைமாடியில நின்னவங்க இடத்தையும் போன் நம்பரையும் எழுதி அனுப்பித்தான் செங்ஙன்னூர்ல எத்தனையோ உயிரு கிடைச்சது. நம்ம திருவனந்தபுரத்துக் கடக்கரைப் பிள்ளையள் வள்ளத்தை லாரியில ஏத்திட்டுப் போனானுவ. ஆனா அதே நேரத்தில முல்லைப்பெரியாறு உடைஞ்சாச்சுன்னு ஒருத்தன் குரல்ல பேசி அனுப்பினான். ஆளை மீட்டு முகாமுக்குக் கொண்டுபோன பிறகும், காப்பாத்துங்கன்னு அவனுக்க பழைய செய்தி ஊரைச் சுத்திட்டே இருந்தது. இட்லி தின்னுட்டு இருக்குதவனுக்குப் போன்மேல போன், “உயிரோட இருக்கியா?”ன்னு. எப்ப எழுதினதுன்னு ஒரு வார்த்தை அதில இருந்திருந்தா, அந்த நேரத்தில வேற ஒரு மாடிக்கு வள்ளம் போயிருக்கும்.

எல்லாத்தையும் அனுப்பக்கூடாதுன்னும் ஒரு விவரம் வேணும். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவில் வளாகத்தில அம்மச்சிப் பிலாவு நிக்குதே, எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தினப்போ மார்த்தாண்ட வர்மா அதுக்க பொந்துக்குள்ள ஒளிஞ்சிருந்தாருன்னு சொல்லுவாவ. இப்ப பட்டுப்போன தடிதான், தொல்லியல் துறை காவல் காக்குது. அன்னைக்கு உன்னை மாதிரி ஒருத்தன் அந்த வழியில போயிருந்தா என்ன ஆயிருக்கும்? “பிலாவுப் பொந்தில இளவரசன், பாருங்க”ன்னு படமும் இடமும் சேத்து அனுப்பியிருப்பான். திருவிதாங்கூர்னு ஒரு ராஜ்யமே உண்டாயிருக்காது. பாத்தும் பாக்காத மாதிரி போன யாரோ ஒருத்தனாலதான் சரித்திரம் பிழைச்சது.

செரி, போனை எடு. நாளைக்கு நெய்யாற்றின்கரைக்குப் போவியே, அந்தப் பிலாவை ஒரு படம் எடுத்துத் துபாயில இருக்குத உனக்க மாமனுக்கு அனுப்பு. அவன் நம்ம ஊரைப் பாத்து ரொம்ப நாளாச்சு. அடியில ஊர்ப் பேரு போடு, எடுத்த தேதி போடு, உனக்க பேரையும் போடு. எனக்க பேரைப் போடாண்டாம். திவான் யாராவது தேடி வந்தா, ஆரல்வாய்மொழி வரைக்கும் போவ எனக்க முட்டு சம்மதிக்காது.