நாஸ் பெட்டியில் ரேம் கூட்டலாமா? கரிசல் புழுதி அடுக்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கோவில்பட்டியில் வீட்டுக்கு வீடு நாஸ் பெட்டி உண்டென்று இவ்வாய்வு வாதிடவில்லை. வீட்டு வலையில் எல்லோருக்கும் பொதுவாகக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் ஒன்று உண்டு. பொது விதி காண ஒரு சான்றே போதும் என்பது பல்கலைக்கழக மரபு. இரண்டு ஹார்ட் டிஸ்க், போர்டோடு ஒட்டிய 2 ஜிபி ரேம், காலியாக ஒரு ஸ்லாட். குடும்பத்துக் கல்யாண ஆல்பங்களும் சடங்கு வீடியோக்களும் அதற்குள் கிடக்கின்றன. ஸ்லாட் காலியாக இருப்பது தெரிந்த நாள் முதல் அறிஞர்கள் உறங்கவில்லை.

அவர்கள் மூன்று கட்சி. முதல் கட்சி, "ஓடுறத ஏன் நோண்டணும்" என்பது. அதை மறுக்க முடியாததால் விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, "ஒரு டிபிக்கு ஒரு ஜிபி" என்னும் வாய்பாட்டுக் கட்சி. அவ்வாய்பாடு இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை ஓடும் பெட்டிகளைச் சுற்றிப் பிறந்தது. நம் பெட்டியில் இசட்எஃப்எஸ் இல்லை என்பது அவர்களைத் தடுத்ததில்லை (காண்க: பால் கணக்கு நோட்டு, பின்னட்டை, பென்சில் எழுத்து).

மூன்றாவது, பெங்களூர் மச்சான். "மாப்ளே, பதினாறு போட்டுரு" என்பது அவர் சூத்திரம். நம் பெட்டியிலுள்ள செலரான் ஜே4125 சிப்புக்கு 8 ஜிபிதான் உச்சம் என்கிறது இன்டெல். பதினாறு போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. மூலத்தில் எட்டென்றிருந்தால் உரையில் பதினாறு காண்பது நமக்குப் புதிதா என்ன (காண்க: வாட்ஸ்அப் குரல் பதிவு, குக்கர் விசிலால் இடையில் சில சொற்கள் சிதைவு).

ஸ்லாட்டைத் தொட வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும். கரிசல் காட்டில் திறப்பதென்றால் அகழ்வதுதான். எனவே கயிறு கட்டி, குழி எண் இட்டு, பெயின்ட் பிரஷ் கொண்டு பணி தொடங்கிற்று.

மேல் அடுக்கு: பருத்திமார் பிடுங்கிய காட்டிலிருந்து கோடைக் காற்று கொண்டுவந்த கரும்புழுதி. விசிறி இறக்கைகளில் சீராகப் படிந்திருந்தது. இரண்டாம் அடுக்கு: மருந்து முக்காத தீக்குச்சி ஒன்று. தீப்பெட்டி ஊரில் தீக்குச்சி கிடைப்பது வியப்பன்று என்று பாமரர் கூறலாம்; இது தொலைதூர வணிகத்துக்குச் சான்றென்று நிறுவ நான் ஒரு தனி நூல் எழுதுவேன். மூன்றாம் அடுக்கு: பல்லி முட்டை ஓடு. பயன் விளங்காத பொருள் எதுவாயினும் அது வழிபாட்டுப் பொருளே. இந்நெறியை என் ஆசான்கள் இதுவரை கைவிட்டதில்லை. அதற்கும் கீழே கடலை மிட்டாய்த் துணுக்கு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் புவிசார் குறியீடு பெற்றது 2020-இல். துணுக்கு அதற்கு முந்தையதா, பிந்தையதா? பாகு மண்டை வெல்லமா என்று நக்கிப் பார்த்தால் காலம் தெரியும் என்றார் ஒருவர் (காண்க: ரேஷன் அட்டையோடு ரப்பர் பேண்டு போட்ட சிட்டைகள், மூன்றாம் கட்டு, மிளகாய்க் கறை பட்ட தாள், இடது ஓரக் குறிப்பு, அதன்மேல் பெரியம்மா எழுதிய மறுப்பு, அம்மறுப்பின்மேல் காப்பி டம்ளர் பதித்த வட்ட முத்திரை). நக்க எறும்புகள் இடம் விடவில்லை. அகழாய்வு அறிக்கையைத் தில்லிக்கு அனுப்பவில்லை. திருத்தி எழுதிக் கொண்டுவா என்பார்கள்.

புழுதி போனதும் பெட்டியின் இரைச்சல் பாதி அடங்கியது. மூன்று கட்சிக்கும் இதனால் மனவருத்தம்.

இனி ரேம். திரையில் நினைவகம் நிறைந்தே தெரியும். சும்மா கிடக்கும் இடத்தையெல்லாம் கோப்புகளின் கேஷுக்கு எடுத்துக்கொள்வது லினக்ஸின் வழக்கம். அதைப் பார்த்து மிரள வேண்டாம். பார்க்க வேண்டியது ஸ்வாப், அதாவது ரேம் போதாதபோது டிஸ்க்கில் கடன் வாங்கும் இடம். அது நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தால் ரேம் போதவில்லை. எங்கள் பெட்டியில், ஒரே வம்சத்து மீசைகளை முகம் பிரித்தறியும் இரவுகளில் மட்டும் கொஞ்சம் அசைகிறது. டாக்கரோ மெய்நிகர்க் கணினியோ ஓட்டுகிறவருக்குக் கதை வேறு. அவர் 4 ஜிபியாவது கூட்டட்டும். சடங்கு வீடியோ பார்ப்பதற்கு ஒரு ஜிகாபிட் வயர்தான் எல்லை: வினாடிக்கு ஏட்டளவில் 125 எம்பி. களத்தை அகலமாக்கினால் குலுக்கையின் வாய் பெரிதாகுமா?

டிஸ்க்கில் எழுதப்படாமல் ரேமில் காத்திருக்கும் தரவு, கரண்ட் போனால் போனதுதான். 2 ஜிபியாயினும் பதினாறாயினும் இதில் பேதமில்லை. ஆகவே ரேமுக்கு ஒதுக்கிய பணத்தில் யூபிஎஸ் வாங்கப்பட்டது. மச்சானின் மறுப்புரை குரல் பதிவுகளாக வந்துகொண்டிருக்கிறது. குக்கர் விசில்களை நீக்கிச் செம்பதிப்பு தயாரானதும் இரண்டாம் தொகுதி வெளிவரும்.