முற்றிலும் தற்காலிகமானது

2001-ல் மனித ஜீனோமின் முதல் வரைவு வெளியானது. முந்நூறு கோடி எழுத்து என்றார்கள். அதைப் படிக்க ஆள் வேண்டுமே! ரெண்டு மூணு வருஷத்துக்குள் நம்மூர் கல்லூரிகள் வரிசையாக பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ஆரம்பித்துவிட்டன. பாடம் நடத்த யார் இருக்கிறார்கள் என்று கேட்ட பெற்றோர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஆராய்ச்சி வேலை தேடுவது என்றால் எம்ப்ளாய்மென்ட் நியூஸ், இல்லாவிட்டால் கரன்ட் சயின்ஸ் இதழின் விளம்பரப் பக்கங்கள். டிபார்ட்மென்ட் நூலகத்தில் அந்தப் பக்கத்தை யாராவது பிளேடால் அறுத்துக்கொண்டு போயிருப்பார்கள். போட்டியைக் குறைக்க அப்போதிருந்த ஒரே அறிவியல் முறை. தப்பிய விளம்பரம் சாது. உயிரியலில் ஏதாவது ஒரு எம்.எஸ்ஸி. இருந்தால் சரி, கம்ப்யூட்டர் தெரிந்தால் நல்லது. நேர்காணலில் தாவரவியல் பேராசிரியர் ஒருவர், "இன்டர்நெட்டெல்லாம் பார்ப்பீங்களா தம்பி?" என்றார். "பார்ப்பேன் சார்." ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சியாளர், ஆகிவிட்டேன். உதவித்தொகை நாலு இலக்கம். புரோட்டீன் ஃபைல்களை ராத்திரியில் டவுன்லோடு செய்து, 1.44 எம்.பி. ஃபிளாப்பிகளில் துண்டு துண்டாக ஏற்றுவோம். கடைசி ஃபிளாப்பி மட்டும் திறக்கவே திறக்காது.

இன்று விளம்பரம் வாட்ஸப்பில் வீடு தேடி வருகிறது. சமயத்தில், கடைசித் தேதி முடிந்த மறுநாள். நெட் அல்லது கேட் தேர்ச்சி, வயது 28-க்குள், பைத்தான், ஆர், லினக்ஸ், டீப் லேர்னிங், கூடவே பரிசோதனைக்கூட அனுபவம். புரோட்டீன் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு ஆசாமிகள் 2024-ல் வேதியியல் நோபல் வாங்கியதிலிருந்து அதையும் சேர்த்துக்கொண்டோம். ஆமாம், 'கொண்டோம்'தான், இப்போது விளம்பரம் எழுதும் நாற்காலியில் நான். இத்தனைக்கும் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இதே பைத்தானுக்கு ஐ.டி. கம்பெனி என்ன கொடுக்கும் என்பது வருகிறவர்களுக்கும் தெரியும். பதவி முற்றிலும் தற்காலிகமானது, திட்டத்தோடு முடியும், பயணப்படி கிடையாது என்ற மூன்று வரிகளை மட்டும் நான் புதிதாக எழுதவில்லை. பழைய ஃபைலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகிறேன்.

போன மாத நேர்காணலில் ஒரு பெண். கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னாள். நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றோம். என் காலத்தில் இதற்கு "இல்லை சார்" என்பதுதான் சரியான விடை.

"லேப்ல ஜி.பி.யு. இருக்கா சார்?"

"ப்ரொப்போசல்ல போட்டிருக்கோம்மா."

நேர்காணல் குழுத் தலைவருக்கு அது போதவில்லை. "இதே சென்னையில, 1963-ல, ஜி.என். ராமச்சந்திரன் புரோட்டீனோட கோணங்களையெல்லாம் மேஜைக் கால்குலேட்டர்லயே கணக்குப் போட்டுப் படமா வரைஞ்சாரும்மா. உலகமே இன்னிக்கும் அந்தப் படத்தைத்தான் பயன்படுத்துது" என்றார்.

அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அவருக்குச் சம்பளம் மாசாமாசம் வந்துச்சா சார்?"