சோதனை நீடூழி வாழ்க!

பெறுநர்: சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரத் துறை, லண்டன்.
பொருள்: மாட்டுக் காசநோய்ச் சோதனையைப் பாராட்டி எழுதுவது.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

மாட்டைக் காப்பாற்ற எல்லா ஊரிலும் துறை இருக்கிறது. மாட்டுக்குச் செய்யும் சோதனையைக் காப்பாற்றும் துறை உங்களுடையது. அதற்காகவே இந்தக் கடிதம்.

அந்தச் சோதனையின் அழகே அழகு! கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரைக் கத்தரித்து, மேலே பறவைக் காசநோய்க் கிருமிச் சாறு, கீழே மாட்டுக் காசநோய்க் கிருமிச் சாறு என்று இரண்டு ஊசி. மூன்று நாள் கழித்து வந்து வீக்கத்தை அளக்கிறீர்கள். கீழ் வீக்கம் மேல் வீக்கத்தைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் பெருத்திருந்தால் மரண தண்டனை. சரியாக 4 என்றால் 60 நாள் வாய்தா. நகைக்கடைத் தராசுகூட இவ்வளவு கறார் இல்லை. என்ன, நோயுள்ள ஐந்து மாட்டில் ஒன்றாவது இதில் தப்பிவிடும் என்பது நீங்களே ஒப்புக்கொள்ளும் கணக்கு. தப்பிய மாடு மந்தையில் நின்று மற்றவற்றுக்கு நோயைப் பரப்பும். தேறிவிட்ட மாடாயிற்றே, யார் கேட்பது?

தடுப்பூசி போடலாமே என்று விவரமில்லாதவர்கள் கேட்கிறார்கள். பி.சி.ஜி. ஊசி 1921 முதல் மனிதக் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. அந்த மருந்தே மாட்டுக் காசநோய்க் கிருமியை வலுக்குறைத்துச் செய்ததுதான். ஆனால் மாட்டுக்கு மட்டும் போடக் கூடாது. போட்டால் ஊசி போட்ட மாடு எது, நோயுள்ள மாடு எது என்று உங்கள் சோதனைக்குத் தெரியாதாம். சோதனையின் மனம் நோகக் கூடாதென்று மாட்டை நோகவிட்டீர்கள். இரண்டையும் பிரித்தறியும் புதிய சோதனையின் கள ஆய்வு தொடங்கியது 2021இல். நூறு ஆண்டுப் பொறுமை!

வேல்ஸில் உங்கள் பங்காளிகளும் இளைத்தவர்கள் அல்லர். கார்மார்தன்ஷயரில் இலங்கையிலிருந்து போன ஒரு குரு நிறுவிய ஸ்கந்தவேல் கோயிலில் ஷம்பு என்றொரு காளை இருந்தது. அதுவும் இந்தச் சோதனையில் தோற்றது. தனியே அடைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று துறவிகள் கெஞ்சினார்கள். உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 2007 ஜூலையில் ஷம்புவைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். உடலில் காசநோய்ப் புண்கள் இருந்தன. அந்த ஆட்டத்தில் சோதனைக்கே வெற்றி, மறுக்கவில்லை.

ஜெரோனிமோ என்ற அல்பாக்கா (ஒட்டக இனத்துப் பிராணி) விஷயத்தில்தான் உங்கள் மேதைமை முழுதாக வெளிப்பட்டது. நியூசிலாந்திலிருந்து வந்தது, ரத்தச் சோதனையில் தோற்றது. அந்தச் சோதனைக்கு முன்னால் நீங்கள் போட்ட ஊசியே முடிவைக் கெடுத்தது என்று வளர்த்தவர் நான்கு ஆண்டு வழக்காடினார். இன்னொரு முறை சோதியுங்கள் என்றார், மறுத்தீர்கள். 2021 ஆகஸ்ட் 31 அன்று கொன்றீர்கள். பிறகு ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில் கிருமி முளைக்கவில்லை. முளைக்காததால் நோய் இல்லையென்று ஆகிவிடாது என்றீர்கள். கிருமி கிடைத்தாலும் நீங்கள் சரி, கிடைக்காவிட்டாலும் நீங்கள் சரி. இப்படியொரு தேர்வு எனக்குப் பள்ளியில் வாய்க்கவில்லையே!

மாட்டுக்கு நோய் தருகிறது என்ற பழியைச் சுமக்க, வளையில் வாழும் காட்டுப் பிராணியான பேட்ஜர் இருக்கிறது. 2001இல் கோமாரி வந்தபோது காசநோய்ச் சோதனையைப் பெரும்பாலும் நிறுத்திவைத்தீர்கள். பிறகு காலித் தொழுவங்களை நிரப்ப மாடுகள் ஊர்விட்டு ஊர் போயின. நோயும் கூடவே போயிற்று. லாரியில் போனது மாடு, குற்றவாளி வளையில் கிடந்த பேட்ஜர். அவற்றைக் கொல்வதால் உருப்படியான பயன் இராது என்று அரசே அமைத்த அறிவியல் குழு 2007இல் எழுதிக் கொடுத்தது. படித்துவிட்டு 2013இல் கொல்லத் தொடங்கினீர்கள். இலக்கு எட்டாதபோது, பேட்ஜர்கள் கோல் கம்பத்தை நகர்த்திவிட்டன என்றார் அமைச்சர் ஓவன் பேட்டர்சன். இதுவரை இரண்டு லட்சத்துக்கு மேல் செத்திருக்கின்றன. கம்பம் எங்கே என்று இன்னும் தெரியவில்லை.

விண்ணப்பம் இரண்டு. மாட்டுக்குத் தடுப்பூசி போட விடுங்கள். கொன்றுதான் ஆக வேண்டுமென்றால், அதற்கு முன் மறுசோதனை கேட்பவருக்கு அதைக் கொடுங்கள். முடிவு மாறினால் சோதனைக்குக் கொஞ்சம் அவமானம், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பாலைக் காய்ச்சிக் குடிப்பவன்