அக்டோபரைக் காணவில்லை

1918-ஆம் வருஷத்து அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கணக்கில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் சாதனையை யாரும் குறை சொல்ல முடியாது. தோல்வி: பூஜ்யம். எதிரணிக்கு விட்டுக்கொடுத்த புள்ளி: பூஜ்யம். களத்தில் கால் முறிந்தவர்: பூஜ்யம். வெற்றிக்கு நேரேயும் பூஜ்யம்தான், ஏனென்றால் ஆடிய ஆட்டமே பூஜ்யம். ஊரெல்லாம் ஃப்ளூ என்பதால் அந்த வருஷத்து ஆட்டங்களை மொத்தமாக ஊற்றி மூடிவிட்டார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவிலும் இதே கதைதான்.

புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது அந்த இரண்டு இடங்களோடு சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் புத்திசாலித்தனத்தில் கட்டுரைக்கு விஷயம் கிடைப்பதில்லை. மற்றவர்களைப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் தெருமுனையில் செருப்பைக் கோல்கம்பமாக வைத்து ஆடுகிற ஃபுட்பால் இல்லை. அதில் காலுக்கு வேலை குறைவு. இரண்டு முனையும் கூம்பிய ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். பதினொரு தடியர்கள் அவன் மேல் விழுந்து அமுக்குவார்கள். எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, நெற்றிக்கு நெற்றி நேராகக் குனிந்து நின்று, ஒருவர் முகத்தில் ஒருவர் மூச்சு விட்டுவிட்டு, மறுபடி விழுவார்கள். மூச்சில் பரவுகிற கிருமிக்குப் பந்தி விரித்து, இலை போட்டு, ‘உட்காருங்கள்’ என்று உபசரிப்பதற்கு ஒப்பான விளையாட்டு இது.

விருந்தாளியும் அந்த வருஷம் கிளம்பியிருந்தார். ஸ்பானிஷ் ஃப்ளூ என்று பெயர். ஸ்பெயினுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ஸ்பெயின் பத்திரிகைகள் உண்மையை அச்சடித்துவிட்டன, அவ்வளவுதான். முதல் உலகப் போர்ச் சண்டையில் இருந்த நாடுகளெல்லாம் தணிக்கை போட்டு, ‘எங்கள் வீரர்கள் தும்முவதே இல்லை’ என்று சாதித்துக்கொண்டிருந்தபோது, சண்டையில் சேராத ஸ்பெயின், தன் ராஜா அல்ஃபோன்ஸோவுக்கே காய்ச்சல் என்று செய்தி போட்டது. பழி அங்கே போய் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் ஆரம்பத்திலேயே பதிவான நோயாளிகள் மார்ச் மாதம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ராணுவ முகாம் ஒன்றில்தான் படுத்திருந்தார்கள்.

வசந்தத்தில் வந்தது சாது. ஆகஸ்ட் கடைசியில் பாஸ்டன் துறைமுகம் வழியாகத் திரும்பி வந்ததுதான் ராட்சசன். ஃபுட்பால் பருவமும் அப்போதுதான் தொடங்குகிறது.

இந்த இடத்தில் அமெரிக்க ராணுவ இலாகா ஒரு காரியம் செய்தது. அக்டோபர் 1 அன்று ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில், ஏறக்குறைய 1,40,000 மாணவர்களை ஒரே நாளில் வரிசையாக நிற்கவைத்து, உறுதிமொழி வாங்கி, மாணவர் ராணுவப் பயிற்சிப் படையில் சேர்த்துக்கொண்டது. சேர்த்ததோடு விடவில்லை. கல்லூரியையே பாசறையாக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்கவும் வைத்தது. சுகாதார அதிகாரிகள் ஒரு பக்கம் ‘கூட்டம் கூடாதீர்கள்’ என்று கத்த, ராணுவம் மறுபக்கம் ‘கூடு, கூடு’ என்று விசில் ஊதியது. கிருமி ராணுவத்தின் பேச்சைக் கேட்டது.

இனி அந்தப் பையன்கள் மாணவர்களா, சிப்பாய்களா? சிப்பாய் என்றால் ஃபுட்பால் ஆடலாமா? இலாகா யோசித்து ஒரு நடுவழி கண்டுபிடித்தது. அக்டோபரில் சனிக்கிழமை மதியம் கிளம்பி, ஆடிவிட்டு, ராத்திரி விளக்கணைக்கும் பியூகிள் ஊதுவதற்குள் வந்துவிட வேண்டும். நவம்பரில் வேண்டுமானால் இரண்டே இரண்டு வெளியூர்ப் பயணம். வயசுக்கு வந்த பெண்ணைச் சினிமாவுக்கு அனுப்புகிற அந்தக் காலத்து அப்பா மாதிரி நிபந்தனைகள். எல்லாம் பக்காவாகத்தான் இருந்தது. அக்டோபர் என்று ஒரு மாதம் இருக்கப்போவதில்லை என்பது மட்டும்தான் யாருக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 28, சனிக்கிழமை. இந்தத் தேதியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். அன்று ஃபிலடெல்ஃபியாவில் போர்க் கடன்பத்திரம் விற்பதற்காக ஓர் ஊர்வலம். வேண்டாம் என்று சில மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். தேசபக்திக்குக் காய்ச்சல் வராது என்ற நம்பிக்கையில் 2,00,000 பேர் தெருவில் நின்று கைதட்டினார்கள். சில நாளில் ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை. கொஞ்ச நாளில் சவப்பெட்டியும் இல்லை.

அதே சனிக்கிழமை, நோட்டர் டாம் கல்லூரியின் புதுத் தலைமைப் பயிற்சியாளர் தன் முதல் ஆட்டத்தை ஆடவைத்தார். பெயர் நூட் ராக்னி. பின்னாளில் அமெரிக்க ஃபுட்பாலின் குலதெய்வங்களில் ஒருவராகப் போகிறவர். அன்று முப்பது வயதுப் புதுமாப்பிள்ளை. கேஸ் கல்லூரியை 26–6 என்று துவைத்து எடுத்தார். அமர்க்களமான ஆரம்பம். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் ரத்து. அதற்கடுத்ததும் ரத்து. நவம்பர் 2 வரை, முழுசாக ஐந்து வாரம், அந்த மகா மேதை ஆட்டமே இல்லாத அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான மறுநாளே பெண்டாட்டியை ஆடி மாதத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பின கதை.

இந்த ஐந்து வாரத்தில் நாடு என்ன செய்துகொண்டிருந்தது? வைத்தியம். பள்ளிக்கூடம், தியேட்டர், சர்ச் எல்லாவற்றையும் ஊருக்கு ஊர் மூடினார்கள். தெருவில் துப்பினால் அபராதம். கழுத்தில் கற்பூரப் பொட்டலம் கட்டிக்கொண்டார்கள். வெங்காயத்தைக் கிலோக்கணக்கில் தின்றார்கள். விஸ்கிதான் மருந்து என்று சொன்னவர்களுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே வைத்தியம் தொடங்கிவிட்டது. வட கரோலினாவில் ஒரு கம்பெனி நெஞ்சில் தடவும் களிம்பு விற்றுக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு 9 லட்சம் டாலராக இருந்த விற்பனை, ஃப்ளூ வந்ததும் 29 லட்சமாக ஏறியது. களிம்பின் பெயர் விக்ஸ். ஆமாம், சளி பிடித்தால் உங்கள் பாட்டி உங்கள் மூக்கில் அப்பிய அதே விக்ஸ்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் முகக்கவசம் கட்டாயம், போடாவிட்டால் அபராதம், சிலருக்கு லாக்கப். ஜனங்கள் சட்டத்தை மதித்துக் கவசம் போட்டார்கள். பிறகு சுருட்டுப் பிடிக்க வசதியாக அதில் ஓட்டை போட்டார்கள். ரொம்பவும் சிரிக்க வேண்டாம். நூறு வருஷம் கழித்து அதைத் தாடைக்குக் கீழே தாவணி மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள் நாம். விஞ்ஞானிகளும் கெட்டிக்காரர்களாகத்தான் இருந்தார்கள். ஒரு பாக்டீரியாவைக் கையும் களவுமாகப் பிடித்து, குற்றவாளி இவன்தான் என்று பலர் தீர்ப்பெழுதினார்கள். உண்மையான வைரஸ் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது 1933-இல்.

அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் கல்லூரி மைதானத்தில் அந்த வருஷம் ஒரு மாணவர் எடுத்த ஃபோட்டோ இருக்கிறது. கேலரி நிறையக் கூட்டம், தொப்பிகள், கோட்டுகள், மூக்கையும் வாயையும் மறைத்த வெள்ளைத் துணிகள். கொள்ளைக்கூட்டம் ஒன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒழுங்காக வந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கேலரியில் இருக்கிறவருக்குக் கவசம். களத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரள்கிற இருபத்திரண்டு பேர் சுதந்திரப் பறவைகள்.

ஜார்ஜியா டெக்கின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்றைக்கும் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் கோப்பை இவர் பெயரில்தான் இருக்கிறது. ஆட்டமில்லாத மாதங்களில் நாடக நடிகர். உடம்பில் நவரசம் ஓடினாலும் இரக்க ரசம் மட்டும் ஓடவில்லை. 1916-இல் கம்பர்லாண்ட் கல்லூரியை 222–0 என்று அடித்தவர். 1918-இல் பாதி நாடு படுக்கையில் கிடந்தபோது, ஃபர்மனை 118–0, ஒரு குதிரைப்படைப் பிரிவை 123–0, வட கரோலினா ஸ்டேட் கல்லூரியை 128–0. அந்தக் கடைசிக் கல்லூரியில் போர் ஒரு பக்கம் ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போயிருந்தது, ஃப்ளூ மறுபக்கம் விடுதிகளைப் புரட்டிப் போட்டிருந்தது. மிச்சமிருந்த பையன்கள் ரயிலேறி வந்து 128 வாங்கிக்கொண்டு போனார்கள். ‘உடம்பு எப்படி இருக்கு?’ என்று விசாரித்துவிட்டு அடித்தாரா, விசாரிக்காமலே அடித்தாரா என்று சரித்திரம் சொல்லவில்லை.

நவம்பர் 11 அன்று போர் முடிந்தது. காய்ச்சலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆட்டத்துக்குக் குறுக்கே நின்ற இரண்டும் விலகத் தொடங்கியதும், பசித்தவன் பந்திக்கு ஓடுவது போல எல்லோரும் மைதானத்துக்கு ஓடினார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு அக்டோபரில் ஓர் ஆட்டம்கூட இல்லை. நவம்பர் 9-இல் தொடங்கி 30-க்குள் ஐந்து ஆட்டம். கடைசி இரண்டு, வியாழக்கிழமை ஒன்று, சனிக்கிழமை ஒன்று. பரீட்சைக்கு முந்தின ராத்திரி மொத்தப் பாடத்தையும் படிக்கும் சம்பிரதாயம் அமெரிக்காவிலும் உண்டு.

பிட்ஸ்பர்க் பயிற்சியாளர் பாப் வார்னர். நவம்பர் 23 அன்று இவருடைய ஊருக்கு ஹைஸ்மன் தன் படையோடு வந்து இறங்கினார். ஆட்டத்துக்கு முன் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். இரண்டு அணியின் அறைகளுக்கும் நடுவே மெல்லிய சுவர். அந்தப் பக்கம் ஹைஸ்மன் பழைய கிரேக்க வீரர்களையெல்லாம் எழுப்பி, குரலை ஏற்றி இறக்கி, வீர வசனம் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வார்னர் தன் பையன்களைச் சத்தம் போடாமல் கேட்கச் சொன்னாராம். வசனம் முடிந்ததும், ‘பேச்சு முடிஞ்சுது, போய் ஆடுங்கடா’ என்கிற தோரணையில் அனுப்பிவைத்தாராம். 32–0. இந்த முறை பூஜ்யம் ஹைஸ்மன் பக்கம்.

அதே நாள், அனாபொலிஸ் ஊரில் இன்னொரு கூத்து. கடற்படை அகாடமிக்கும் கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி முகாமுக்கும் ஆட்டம். அகாடமி 6–0 என்று முன்னணி. இன்னும் ஒரு கோடு தாண்டினால் கதை முடிந்தது. அந்த நேரம் பார்த்துப் பந்து கை நழுவித் தெறிக்க, கிரேட் லேக்ஸ் ஆள் அதைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பறந்தார். முழு மைதானமும் காலி, துரத்த ஆளில்லை. அகாடமியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையனுக்குப் பொறுக்கவில்லை. ஆட்டத்திலேயே இல்லாதவன் எழுந்து ஓடி வந்து, பந்தோடு ஓடியவரைப் பாய்ந்து கட்டிப்பிடித்துச் சாய்த்துவிட்டான். கல்யாணச் சண்டையில் பந்தி பரிமாறுகிறவர் கையை ஓங்கினது போல. கொஞ்ச நேர அமளிக்குப் பிறகு, அவர் கோட்டைத் தாண்டிவிட்டதாகவே வைத்துக்கொண்டு டச் டவுன் கொடுத்தார்கள். கிரேட் லேக்ஸ் 7–6 என்று ஜெயித்தது.

அந்த முகாமை செப்டம்பரில் ஃப்ளூ சல்லடையாகத் துளைத்திருந்தது. அங்கிருந்து எழுந்து வந்த அணிதான் 1919 ஜனவரி 1 அன்று ரோஸ் பௌலில் மேர் ஐலண்ட் மரைன்களை 17–0 என்று வென்றது. கல்லூரி ஃபுட்பாலின் மாபெரும் திருவிழாவில் அந்த வருஷம் இரண்டு பக்கமும் கல்லூரியே இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் வராத முகூர்த்தம்.

சாம்பியன் யார்? ஐந்து ஆடி ஐந்தும் ஜெயித்த மிஷிகனும், ஐந்து ஆடி நான்கு ஜெயித்த பிட்ஸ்பர்க்கும் இன்றுவரை அந்தப் பட்டத்துக்குப் பங்காளிகள். பிட்ஸ்பர்க் தோற்ற அந்த ஒன்று எது?

அதைச் சொல்வதற்கு முன், சிரிக்காமல் ஒரு கணக்கு. 1918 அக்டோபர் ஒரே மாதத்தில் அமெரிக்காவில் ஃப்ளூவுக்குப் பலியானவர்கள் ஏறக்குறைய 1,95,000 பேர். மொத்தமாக அங்கே 6,75,000. நம் நாட்டில் ஒரு கோடிக்கு மேல். கிழவர்களையும் குழந்தைகளையும் மட்டுமல்ல, இருபதிலிருந்து நாற்பது வயது வரையில் உள்ளவர்களையும் தேடிப் பிடித்துக் கொண்டுபோன நோய் அது. பந்து பிடிக்கிற வயசு.

இப்போது நவம்பர் 30, க்ளீவ்லாண்ட். பருவத்தின் கடைசி நாள். பிட்ஸ்பர்க்கும் க்ளீவ்லாண்ட் கடற்படை ரிசர்வ் அணியும். நேரம் பார்க்கிற அதிகாரியின் கடிகாரம் உடைந்துவிட்டது என்றார்கள். பிட்ஸ்பர்க் புள்ளி எடுக்கப்போகும் நேரம் பார்த்து முதல் பாதியைச் சட்டென்று முடித்துவிட்டார்கள், கடைசியில் எதிரணிக்கு மட்டும் காலத்தைத் தாராளமாக நீட்டிக் கொடுத்தார்கள் என்று வார்னர் குதித்தார். 10–9. பிட்ஸ்பர்க்குக்கு வந்து நாலாவது பருவத்தில் அவர் காணும் முதல் தோல்வி. என் நிமிஷங்களைத் திருடிவிட்டார்கள் என்பது அவர் வாதம். கூட இருந்து பார்த்த சில நிருபர்களும் அதையே எழுதினார்கள்.

வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் நேரத்தைப் பறிகொடுத்தவர்கள் என்று அன்று ஒரு வரிசை நிற்கவைத்திருந்தால், வார்னருக்கு டோக்கன் கிடைக்கவே ராத்திரி ஆகியிருக்கும். ஒரு முழு அக்டோபரே காணாமல் போயிருந்தது. அதைப் பற்றி எந்த நடுவரிடமும் யாரும் புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை.